துரு ஏறிய கண்ணாடி: பாரசீக சூஃபி இலக்கியத்தில் மனத்தூய்மை

கேள்வி இது: "ரூமி, அத்தார், ஹாஃபிஸ் எல்லோரையும் மொழிபெயர்ப்பில் கொஞ்சம் கொஞ்சம் படித்தேன். எங்கே திரும்பினாலும் மது, காதல், மதுக்கடை, புல்லாங்குழல். இஸ்லாம் வலியுறுத்தும் உள்ளத்தூய்மை, தஸ்கியா என்கிறார்களே, அது இதில் எங்கே இருக்கிறது?"

எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் அதைப் பிடிக்க வேண்டுமானால் மதுவைச் சற்று ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணாடியிலிருந்து தொடங்க வேண்டும். மதுவுக்கு அப்புறம் வருகிறேன்.

இன்று நம் வீட்டில் தொங்குவது பின்னால் ரசம் பூசிய கண்ணாடி. ஈரத்துணியால் ஒரு துடைப்பு, முடிந்தது. அந்தக் காலத்துப் பாரசீகக் கவிஞர் 'ஆயினா' என்று எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது உலோகத் தகடு, இரும்போ வெண்கலமோ. தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால்தான் முகம் தெரியும். கவனிக்காமல் விட்டால் மங்கும், இன்னும் விட்டால் துரு ஏறும். ஆறன்முளாக் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மற்றவர்கள் வீட்டில் பித்தளைப் பாத்திரம் துலக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்த்தால் முதலில் வருவது கறுப்புத் தண்ணீர். விரல் இடுக்கெல்லாம் கறுத்துப்போகும். கொஞ்ச நேரம் கழித்து, ஒரே ஓர் இடத்தில், காசு அளவுக்கு மஞ்சள் எட்டிப் பார்க்கும். அந்த மஞ்சளை யாரும் கொண்டுவந்து பூசவில்லை. அது அங்கேயேதான் இருந்தது.

இந்த இலக்கியம் மனத்தூய்மை என்று சொல்வது அந்தத் தேய்ப்பைத்தான்.

உருவகம் கவிஞர்களின் கற்பனையில் பிறந்ததில்லை, குர்ஆனிலிருந்தே வருகிறது. 83ஆம் அத்தியாயம் அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்கிறவர்களைக் கண்டித்துத் தொடங்குகிறது. அதன் 14ஆவது வசனம், அவர்கள் சம்பாதித்துக்கொண்டிருந்ததே அவர்களுடைய இதயங்களில் துருவாகப் படிந்துவிட்டது என்கிறது. கவனியுங்கள், தராசில் கள்ளம் செய்தவனின் துரு இதயத்தில் ஏறுகிறது. திர்மிதி என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் ஒரு நபிமொழி இதை விளக்குகிறது: அடியான் ஒரு பாவம் செய்தால் அவன் கல்பில், அதாவது இதயத்தில், ஒரு கரும்புள்ளி விழுகிறது, விலகி, மன்னிப்புக் கேட்டு, மனம் திருந்தித் தவ்பா செய்தால் அது துலக்கப்படுகிறது, மறுபடி செய்தால் புள்ளி பெருகிக் கல்பையே மூடிவிடுகிறது. அங்கே 'துலக்கப்படுகிறது' என்பதற்கு வரும் அரபுச் சொல் வாளையும் கண்ணாடியையும் மெருகேற்றுகிறவரின் தொழிற்சொல். பின்னால் வந்த கவிஞர்கள் கையில் எடுத்துக்கொண்டது இந்தச் சொல்லைத்தான்.

ரூமி (1207–1273) தன் நெடுங்கவிதையான மஸ்னவியின் தொடக்கத்தில், நாணற்குழலின் புலம்பலை முடித்து முதல் கதைக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் கேட்கிறார்: உன் கண்ணாடி ஏன் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை தெரியுமா? அதன் முகத்திலிருந்து துரு இன்னும் நீங்கவில்லை. ஆறு பாகங்கள், ஏறக்குறைய 25,000 ஈரடிகள் கொண்ட நூலுக்கு வாசற்படி இந்தக் கேள்விதான். குழலிசையை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தத் துருவை விட்டுவிடுகிற மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. நீங்கள் படித்ததும் அந்த வகையாக இருக்கலாம்.

அதே முதல் பாகத்தின் பிற்பகுதியில் ஓவியர் போட்டிக் கதை வருகிறது. சீனத்து ஓவியர்களுக்கும் ரூம் நாட்டவர்களுக்கும், அதாவது பைசாந்தியப் பகுதிக்காரர்களுக்கும், யார் கைதேர்ந்தவர் என்று வழக்கு. அரசன் எதிரெதிரான இரண்டு அறைகளைக் கொடுக்கிறான், நடுவில் திரை. சீனர்கள் தினமும் கஜானாவிலிருந்து விதவிதமான வண்ணங்களை வாங்கிக்கொள்கிறார்கள். ரூம் நாட்டவர்கள் வண்ணமே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு சுவரைத் தேய்க்கிறார்கள். சீனர்களின் ஓவியத்தைக் கண்டு அரசன் சொக்கிப்போகிறான். பிறகு திரை விலகுகிறது. அந்த ஓவியம் முழுவதும் எதிர்ச்சுவரில் இன்னும் அழகாக விழுகிறது. பேராசை, கஞ்சத்தனம், பகை எல்லாம் தேய்ந்துபோன நெஞ்சே அந்தச் சுவர் என்கிறார் ரூமி.

இந்தக் கதை அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இமாம் கஸ்ஸாலியின் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இருக்கிறது. அங்கே தேய்க்கிறவர்கள் சீனர்கள், வரைகிறவர்கள் ரூம் நாட்டவர்கள். ரூமி இடம் மாற்றிவிட்டார். அவர் வாழ்ந்த கொன்யா அந்த ரூம் நிலத்தில் இருந்தது, அவருக்கு ரூமி என்ற பெயரே அதனால்தான். சொந்த மண்ணுக்குச் செய்த மரியாதையாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கஸ்ஸாலியிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். தூய்மை பற்றி எழுதிய பலரிடம் அறிவு இருக்கிறது. இவரிடம் காயமும் இருக்கிறது. 1058இல் ஈரானின் தூஸில் பிறந்தவர். 1091இல் அமைச்சர் நிஜாமுல் முல்க் அவரைப் பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் ஆசிரியராக அமர்த்துகிறார். அன்றைய இஸ்லாமிய உலகில் அதைவிடப் பெரிய நாற்காலி கிடையாது. முந்நூறு மாணவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் குறையொன்றும் இல்லை. 1095இல் எல்லாம் நின்றுபோகிறது. அவரே எழுதிவைத்திருக்கிறார்: என் போதனையின் நோக்கத்தைச் சோதித்துப் பார்த்தேன், அது இறைவனுக்காக இல்லை, பதவியும் புகழும்தான் என்னைத் தள்ளிக்கொண்டிருந்தன. போகலாமா, இருக்கலாமா என்று ஆறு மாதம் ஒரு காலை முன்னே வைப்பதும் மறு காலைப் பின்னே இழுப்பதுமாகக் கழிகிறது. ஒரு கட்டத்தில் மாணவர்களின் மனம் குளிர்வதற்காகவாவது பாடம் நடத்தப் பார்க்கிறார். நாக்கு எழவில்லை, ஒரு சொல் வரவில்லை. சோறு இறங்கவில்லை. வைத்தியர்கள், இது மனத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கிய நோய், மனம் ஆறாமல் மருந்து வேலை செய்யாது என்று கைவிட்டார்கள்.

மக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டமாஸ்கஸ் போனார். அங்கே பள்ளிவாசல் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுவதும் தனியே இருப்பாராம். பிறகு ஜெரூசலம், அப்புறம் ஹஜ். மீண்டும் நிஷாப்பூரில் பாடம் சொல்ல உட்கார்ந்தபோது பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இஹ்யாவின் அமைப்பையே இந்த அனுபவத்தின் வெளிச்சத்தில் பார்க்கலாம். நாற்பது நூல்கள், நான்கு கால்பகுதிகள்: வழிபாடுகள், வாழ்க்கை நடைமுறைகள், அழிப்பவை, காப்பவை. 'அழிப்பவை' பகுதி இதயத்தின் விந்தைகளில் தொடங்குகிறது. வயிற்றுப் பசி, உடற்பசி, நாக்கு, கோபம், பொறாமை, உலகாசை, கஞ்சத்தனம், புகழாசை, செருக்கு என்று ஒவ்வொன்றாகப் போகிறது. கடைசி நூல் எதைப் பற்றி? ஏமாந்துபோவதைப் பற்றி. அறிஞர்கள், வணக்கசாலிகள், சூஃபிகள், செல்வந்தர்கள் என்று நான்கு கூட்டத்தையும் தனித்தனியாக நிறுத்தி, நீங்கள் தூய்மையாக இருப்பதாக எப்படியெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று காட்டுகிறார். பள்ளிவாசலும் பாலமும் கட்டி அதில் தன் பெயரைப் பொறிக்கிற செல்வந்தர் அங்கே வருகிறார். ஒட்டுப்போட்ட அங்கியைப் போட்டுக்கொண்டால் சூஃபி ஆகிவிட்டதாக நினைப்பவரும் வருகிறார்.

மனத்தில் படிகிற அழுக்குகளிலேயே கண்ணுக்குத் தெரியாதது 'நான் சுத்தமாகிவிட்டேன்' என்ற எண்ணம்தான். பாரசீக சூஃபி இலக்கியத்தின் பெரும்பகுதி இந்த ஒன்றோடு நடத்திய சண்டை என்பது என் வாசிப்பு. உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதுவே. காமம், கோபம், பேராசை பற்றி எல்லா மதத்து நீதிநூல்களும் பேசுகின்றன. அவை போன பிறகு மிச்சமிருக்கும் அந்த மெல்லிய படலத்தை இவ்வளவு பிடிவாதமாகத் துரத்திய இலக்கியம் குறைவு.

நடைமுறை என்ன என்று கேட்பீர்கள். கஸ்ஸாலி இதை வியாபாரமாகப் பார்க்கச் சொல்கிறார். நஃப்ஸ், அதாவது நமக்குள் 'எனக்கு, எனக்கு' என்று இழுக்கும் அந்த மனசு, உன்னுடைய கூட்டாளி. காலையில் அதனிடம் முதலீட்டை ஒப்படைக்கும்போது நிபந்தனை பேசு. பகலில் ஒரு கண் வைத்திரு. இரவில் கடையடைக்கும்போது கல்லாவை எண்ணுவதுபோலக் கணக்குக் கேள், முஹாஸபா என்பது அதுதான். குறைந்தால் விடாதே. இதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே, 857இல் இறந்த ஒருவருக்கு இந்தக் கணக்குக் கேட்பதால் முஹாஸிபி என்றே பெயர் வந்துவிட்டது.

நஃப்ஸுக்குக் குர்ஆனை வைத்து மூன்று நிலைகள் சொல்வார்கள்: தீமைக்குத் தூண்டுவது, தன்னையே கடிந்துகொள்வது, அமைதியடைந்தது. இதை மனப்பாடம் செய்வதைவிட மஸ்னவியின் மூன்றாம் பாகத்தில் வரும் பாம்புப்பிடாரன் கதையைப் படிப்பது மேல். பனிக்காலத்தில் மலைக்குப் போன ஒருவன் மாபெரும் நாகம் ஒன்று செத்துக் கிடப்பதைப் பார்க்கிறான். ஊரில் காட்டினால் காசு கொட்டும். கோணியும் கயிறும் சுற்றிக் கட்டி, படாத பாடு பட்டுப் பக்தாதுக்கு இழுத்துவந்து டைக்ரிஸ் கரையில் போடுகிறான். கூட்டம் நெருக்கியடிக்கிறது. அது செத்திருக்கவில்லை, குளிரில் விறைத்திருந்தது. ஈராக்கின் வெயில் மெல்ல மெல்ல ஏறுகிறது, கோணிக்கடியில் ஏதோ நெளிகிறது, கயிறு தெறிக்கிறது. பிடாரனைத்தான் முதலில் விழுங்குகிறது.

உன் நஃப்ஸ் ஒரு நாகம், அது எங்கே செத்தது, வசதி கிடைக்காத துயரத்தில் உறைந்து கிடக்கிறது என்கிறார் ரூமி. இந்த வரியைப் படித்த பிறகு என்னால் என் நல்ல குணங்களைப் பழையபடி நம்ப முடியவில்லை. நான் யாரையும் மிரட்டியதில்லை. மிரட்டும் அதிகாரம் எனக்கு எப்போது இருந்தது? லஞ்சம் வாங்கியதில்லை. யார் கொண்டுவந்து நீட்டினார்கள்?

சஅதி இவ்வளவு பயமுறுத்த மாட்டார். ஷீராஸ்காரர், 1258இல் 'குலிஸ்தான்' எழுதினார். அதன் இரண்டாம் அதிகாரத்தில் தன் சிறுவயதைச் சொல்கிறார். இரவெல்லாம் கண்விழித்து, குர்ஆனை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவோடு உட்கார்ந்திருக்கிறான் பையன். சுற்றிலும் ஆட்கள் குறட்டை விட்டுத் தூங்குகிறார்கள். "அத்தா, இவர்களில் ஒருவர்கூட எழுந்து இரண்டு ரக்அத் தொழக் காணோமே, செத்தவர்களைப் போலக் கிடக்கிறார்களே" என்கிறான். அப்பா சொல்கிறார்: "கண்ணே, நீயும் தூங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்படி அடுத்தவர்களைப் பற்றிப் புறம் பேசாமலாவது இருந்திருப்பாய்." இரவு முழுவதும் செய்த வணக்கத்தில் துரு ஏறுவதற்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கிறது.

அதே அதிகாரத்தில் இன்னொன்று. ஒரு துறவி அரசன் வீட்டு விருந்தில் வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டு, வழக்கத்தைவிட நீளமாகத் தொழுகிறார். வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு எடுத்துவைக்கச் சொல்கிறார். கூர்மையான மகன் ஒருவன் இருக்கிறான். அங்கே சாப்பிடவில்லையா என்கிறான். அவர்கள் கண்ணெதிரே சாப்பிட்டது போதவில்லை என்கிறார் அப்பா. அப்படியானால் தொழுகையையும் திரும்பத் தொழுதுவிடுங்கள், அங்கே தொழுததும் எதற்கும் உதவாது என்கிறான் மகன்.

இதற்குப் பெயர் ரியா, பிறர் பார்க்கச் செய்வது. ஒன்பதாம் நூற்றாண்டு நிஷாப்பூரில் ஒரு கூட்டம் இதற்கு அஞ்சியே தன் நல்ல செயல்களை எல்லாம் மறைத்து வாழ்ந்தது. மலாமத்திகள், பழியை ஏற்பவர்கள். தனி உடை கிடையாது, பெயர் கிடையாது, சந்தையில் மற்றவர்களைப் போல ஒரு தொழில். ஊர் தங்களைப் புகழாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நினைத்தார்கள்.

இப்போது மதுவுக்கு வரலாம். மலாமத்திகளின் இந்த மனநிலை தெரியாமல் பாரசீகக் கவிதையின் மதுக்கடைக்குள் போனால் வழி தெரியாது.

அத்தார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய 'மன்திகுத் தைர்', பறவைகளின் மாநாடு என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் மிக நீளமான கதை ஷைகு சன்ஆன் என்ற ஞானகுருவுடையது. மக்காவில் ஐம்பது ஆண்டு இருந்தவர். நானூறு முரீதுகள், அதாவது சீடர்கள். ஐம்பது ஹஜ்ஜுக்குப் பக்கம் செய்திருக்கிறார். தான் ரூம் நாட்டில் ஒரு சிலைக்குத் தலைவணங்குவதாகத் திரும்பத் திரும்பக் கனவு வருகிறது. என்னவென்று பார்க்கக் கிளம்புகிறார். அங்கே ஒரு கிறிஸ்தவப் பெண்ணைப் பார்க்கிறார், அவ்வளவுதான். அவள் வாசலில் தெருநாய்களோடு கிடக்கிறார். அவள் நிபந்தனை போடுகிறாள். அதில் மது ஒன்றுதான் முடியும் என்கிறார். குடித்த பிறகு மற்றவையும் ஆகிவிடுகின்றன, இடுப்பில் கிறிஸ்தவர்களின் ஸுன்னார் கச்சை கட்டுவது உட்பட. கடைசியில் மஹருக்கு, அதாவது மணமகளுக்குத் தரும் கொடைக்கு, வழியில்லாமல் ஒரு வருடம் அவளுடைய பன்றிகளை மேய்க்கிறார்.

நானூறு பேருக்கு வழிகாட்டியவர் பன்றிகளின் பின்னால் கோலோடு நடக்கிறார். அத்தார் இந்த இடத்தில் நம் பக்கம் திரும்புகிறார். ஒவ்வொருவர் இயல்பிலும் நூறு பன்றிகள் உண்டு. ஒன்று அவற்றைக் கொளுத்த வேண்டும், இல்லையென்றால் ஸுன்னார் கட்ட வேண்டும் என்கிறார். ஷைகுக்கு நேர்ந்தது அவருக்கு மட்டும் நேரும் என்று நினைக்காதே, நீ இன்னும் பயணமே கிளம்பாததால் உன் பன்றியை நீ பார்க்கவில்லை என்று சொல்லாமல் சொல்கிறார்.

முரீதுகள் வெட்கத்தோடு மக்கா திரும்புகிறார்கள். ஊரில் இல்லாதிருந்த ஒரு தோழர் வந்து, அவரை விட்டுவிட்டு வந்தீர்களா என்று கண்டிக்கிறார். எல்லோரும் திரும்பப் போய் நாற்பது இரவுகள் அழுது தொழுகிறார்கள். அந்தத் தோழரின் கனவில் நபிகள் நாயகம் தோன்றிச் சொல்வதுதான் கதையின் உயிர்: உன் ஷைகுக்கும் இறைவனுக்கும் நடுவில் வெகு காலமாகக் கறுத்த புழுதி ஒன்று இருந்தது, அதை வழியிலிருந்து அகற்றிவிட்டேன்.

'வெகு காலமாக' என்பதில் நின்று பாருங்கள். பெண்ணைப் பார்த்த பிறகு படிந்த புழுதியாக எனக்கு அது தெரியவில்லை. கஅபாவின் நிழலில் இருந்த அந்த ஐம்பது ஆண்டும் அது அங்கேதான் இருந்திருக்கிறது; ஐம்பது ஹஜ்ஜும் நானூறு சீடர்களும் சேர்ந்து அதைப் பார்க்கவிடாமல் செய்திருக்கின்றன. ஷைகு திரும்புகிறார், குளித்து மறுபடி அங்கி அணிகிறார். அந்தப் பெண் அவரைத் தேடி ஓடிவந்து, ஈமான் கொண்டு, அதாவது இஸ்லாத்தை ஏற்று, அவர் முன்னாலேயே உயிர் விடுகிறாள். அவளுக்காக எழுதிய வரிகளில் அத்தார் ஒரு குறையும் வைக்கவில்லை.

இருநூறு ஆண்டு கழித்து ஹாஃபிஸ் இதே ஷைகின் பெயரைச் சொல்லி எழுதுகிறார்: காதல் வழியில் நடப்பவனானால் கெட்ட பெயருக்கு அஞ்சாதே, சன்ஆன் ஷைகு தன் அங்கியை மதுக்கடையில் அடகு வைத்தவர். அங்கி இங்கே நற்பெயர். மது அதைக் கரைக்கிற பொருள். ஹாஃபிஸ் எழுதும் மது எல்லாமே ஞானமது என்று சொல்லும் உரைகளை நான் ஏற்பதில்லை. ஷீராஸின் அரசவைகளைப் பார்த்தவர் அவர், திராட்சையும் அதில் இருக்கிறது. அவர் வெறுத்த பாவம் எது என்பதில் மட்டும் மயக்கமே இல்லை. மிஹ்ராப் என்ற தொழுகை மாடத்திலும் மிம்பர் என்ற உரைமேடையிலும் மின்னுகிற உபதேசிகள் தனிமைக்குப் போனதும் வேறு வேலை பார்க்கிறார்கள் என்று எழுதியவர், கடைசியில் தன்னையும் விடவில்லை: காதலனுக்கும் காதலிக்கும் நடுவில் எந்தத் தடையும் இல்லை, உனக்கு நீயே திரை, ஹாஃபிஸ், நடுவிலிருந்து எழுந்து போ.

மன்திகுத் தைரில் பறவைகள் தங்கள் அரசனைத் தேடிக் கடக்கும் ஏழு பள்ளத்தாக்குகளை இன்று பலர் ஏழு படி முன்னேற்றத் திட்டம்போல விளக்குகிறார்கள். தேடல், காதல், ஞானம், தேவையின்மை, ஒருமை, திகைப்பு, இன்மை என்ற வரிசையைப் பாருங்கள், ஞானம் மூன்றாவதிலேயே வந்துவிடுகிறது. அதற்கப்புறம் கிடைப்பது எதுவும் இல்லை, கைவிட்டுப்போவதுதான். இறுதியில் முப்பது பறவைகள் சீமுர்க் என்ற அரசனின் சந்நிதிக்கு வந்துசேர்கின்றன. பாரசீகத்தில் 'சீ' முப்பது, 'முர்க்' பறவை. அங்கிருந்து சொல்லற்ற ஒரு பதில் வருகிறது: சூரியனைப் போன்ற இந்தச் சந்நிதி ஒரு கண்ணாடி, வருகிறவர் தன்னையே இதில் காண்பார். அதே கண்ணாடி.

தமிழில் இந்த மரபுக்கு வாசல் வேண்டுமானால் தொண்டிப் பக்கத்துக் குணங்குடி மஸ்தான் சாகிபு இருக்கிறார், தக்கலை பீர் முகம்மது அப்பா இருக்கிறார். இறைவனை மனோன்மணி என்று பெண்ணாக்கி மஸ்தான் உருகுவதைப் படித்துவிட்டு ஹாஃபிஸுக்குப் போனால் அந்நியமாகவே இருக்காது.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம். இப்படித் தன்னைத் தேய்த்துக்கொண்டே இருப்பது தன் மேலேயே வெறுப்பாகிவிடாதா? ரூமி இதற்கு அடுப்படியிலிருந்து பதில் சொல்கிறார், மஸ்னவியின் மூன்றாம் பாகத்தில். பானையில் கொண்டைக்கடலை வேகிறது. சூடு தாங்காமல் மேலே மேலே எகிறி, என்னை விலைகொடுத்து வாங்கிவந்து ஏன் இப்படி வாட்டுகிறாய் என்று கதறுகிறது. வீட்டுக்காரம்மா அகப்பையால் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளுகிறாள். உன்னைப் பிடிக்காமல் வேகவைக்கவில்லை. நீ ருசி ஏறி, உணவாகி, உயிரோடு கலக்க வேண்டும் என்றுதான் வேகவைக்கிறேன். தோட்டத்தில் பச்சையாக நீர் குடித்தாயே, அது இந்த நெருப்புக்காகத்தான் என்கிறாள். கடலை சொல்கிறது: அப்படியென்றால் அம்மா, நன்றாகவே கொதிக்கிறேன், எனக்குத் துணையாக இரு. இந்தக் கொதிப்பில் நீதான் என்னைக் கட்டுகிற கொத்தனார். அகப்பையால் அடி, நீ அடிப்பது இதமாக இருக்கிறது.

அவள் அடுப்பிலிருந்து எட்டி நின்று இதைச் சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் உன்னைப் போல மண்ணின் துண்டாக இருந்தவள்தான் என்கிறாள். காலத்துக்குள் கொஞ்சம் கொதித்தேன், இந்த உடம்பு என்ற பானைக்குள் இன்னும் கொஞ்சம் கொதித்தேன்.